மடியும் ஏடும்

மாலை வேளையில் களமருதூர்த் தெருக்களில் நடந்து செல்வோர் இக்காலத்தில் ஒரு காட்சியைக் காணலாம். கழனி வேலை முடிந்து தாய் வீடு திரும்பியிருக்கிறாள். அடுப்பு மூட்ட வேண்டும். மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். இடுப்பில் இருக்கும் குழந்தையோ அழுகிறது. கல்லூரியிலிருந்து வந்த மூத்த மகள் தன் கைப்பேசியை எடுத்து, அதில் ஒரு காணொளியைத் திறந்து, தம்பியின் கையில் கொடுக்கிறாள். அழுகை உடனே நின்று விடுகிறது. வீடு அமைதி அடைகிறது. திண்ணையின் மூலையில் ஒரு சிறு முகம் மட்டும் திரையின் ஒளியில் மின்னிக்கொண்டிருக்கிறது.

இக்காட்சியில் குற்றவாளி எவரும் இல்லை. தாய்க்கு வேலை இருக்கிறது. மகளுக்குப் பாடம் இருக்கிறது. குழந்தைக்குப் பொழுது போக வேண்டும். ஆயினும் அந்த அமைதி எதை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது என்று நாம் ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? சிறு குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்ட அச்சிட்ட புத்தகம் ஏற்றதா, மின்கருவி ஏற்றதா என்னும் கேள்வியை இன்று நான் எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

இதனைப் பெற்றோரிடம் அல்லவா பேச வேண்டும், மாணவர்களாகிய எங்களிடம் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கக் கூடும். நம் ஊர்ப்புற வீடுகள் பலவற்றில் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர் நீங்களே. கைப்பேசியின் பூட்டைத் திறக்கத் தெரிந்தவரும் நீங்களே. தம்பியின் கையில், தங்கையின் கையில் எது சேர வேண்டும் என்பதை நாள்தோறும் முடிவு செய்கிறவரும், அறிந்தோ அறியாமலோ, நீங்களே. ஆகவேதான் உங்களிடம் பேசுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி விடுகிறேன். என் பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. அவளுக்குச் சோறு ஊட்டும் வேளையில் கைப்பேசியை முதன்முதலாக அவள் முன் வைத்தவன் நானே. நாலு வாய் கூடுதலாக உண்டாள், நானும் மகிழ்ந்தேன். சில மாதங்கள் சென்றன. "கதை சொல்லட்டுமா, பாப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை; என் சட்டைப் பையைப் பார்த்தாள். கதை என்பது தாத்தாவின் வாயில் இல்லை, பையில் இருக்கிறது என்று அவள் கற்றுக்கொண்டு விட்டாள். கற்பித்தவன் நான்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு மின்சாரம் நின்று போயிற்று. கைப்பேசியும் உயிர் இழந்து கிடந்தது. குழந்தை ஓயாமல் அழுதாள். அலமாரியில் பழைய படப் புத்தகம் ஒன்று இருந்தது; தாகங்கொண்ட காகம் பானையில் கல்லைப் போட்டு நீர் பருகிய கதை. விளக்கு வெளிச்சத்தில் என் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை, தட்டுத் தடுமாறினேன். எண்பது வயதைக் கடந்த என் தாயார் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவர் பள்ளிக்கூடத்தையே கண்டவர் அல்லர். "இப்படிக் குடு. எனக்கு எழுத்துத்தான் தெரியாது. காக்காயைக் கூடவா தெரியாது?" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்ன கதை அந்தப் புத்தகத்தில் இல்லாத கதை. நம் ஊர் ஏரி வற்றிப் போன ஆண்டில் அந்தக் காக்கை எங்கெங்கே பறந்தது, எந்தக் கிணற்றடியில் அமர்ந்தது, யார் வீட்டு வாசலில் அந்தப் பானை இருந்தது என்று கதை வளர்ந்துகொண்டே போயிற்று. குழந்தை அழுகையை மறந்தாள். படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஆயா, காக்காவுக்கு அம்மா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்குது கண்ணு. அது வேற ஊருக்குத் தண்ணி தேடிப் போயிருக்குது."

"எப்ப வரும்?"

அந்தக் கதையைக் காணொளியாக அவள் எத்தனையோ முறை பார்த்தவள். ஒரு முறையேனும் இப்படி ஒரு கேள்வி அவள் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அதற்கு விடை சொல்ல அந்தக் கருவிக்கு வாய் இல்லை. கேள்வியைக் கேட்கச் செவியும் இல்லை. படம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அன்றிரவு எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. குழந்தைக்குப் படித்துக் காட்டுவது என்பது எழுத்தை ஒலியாக மாற்றுவது அன்று. ஏட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு உயிர்கள் பேசிக்கொள்வதே அது.

இது பாட்டிமார் மேல் உள்ள பற்றினால் நான் சொல்வது அன்று. குழந்தை மொழியைக் கற்கும் வகையை ஆராய்ந்தவர்களும் இதையே காண்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் செய்த சோதனை ஒன்றின் முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து புத்தகம் படித்துக் காட்டினர். பொம்மைகளை வைத்து விளையாடினர். பன்னிரண்டு அமர்வுகள் நடந்தன. முடிவில் அக்குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. வேறு சில குழந்தைகளுக்கு அதே மனிதர் அதே பேச்சைத் திரையில் காட்டினர். இன்னும் சிலருக்கு ஒலியாக மட்டும் கேட்பித்தனர். அவர்களிடம் அந்தக் கல்வி நிகழவே இல்லை. சொல்லும் அதுவே, குரலும் அதுவே. குழந்தையின் கண்ணோடு கண் பொருந்தி, அது சுட்டும் பொருளைத் தானும் நோக்கி, அது சிரிக்கும்போது தானும் சிரிக்கும் ஒரு மனிதர்தாம் அங்கே இல்லை.

ஒரு சொல் குழந்தையின் உள்ளத்தில் எவ்வாறு வேர் விடுகிறது என்று பாருங்கள். குழந்தை ஒரு படத்தைச் சுட்டுகிறது. "முறம்" என்கிறாள் பாட்டி. "மொறம்" என்கிறது குழந்தை. "ஆமாம், நம்ம வீட்டு முறம் எங்கே?" என்கிறாள் பாட்டி. குழந்தை திரும்பிச் சுவரைப் பார்க்கிறது. ஏட்டில் இருந்த படம், காதில் விழுந்த ஒலி, சுவரில் தொங்கும் பொருள் ஆகிய மூன்றும் அந்தக் கணத்தில் ஒன்றாகப் பிணைந்து விடுகின்றன. அச்சிட்ட புத்தகம் தானாகப் பேசாது; ஆகவே மனிதர் பேச இடம் விடுகிறது. தானாக நகராது, ஆகவே குழந்தை ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்க விரும்புகிறதோ அவ்வளவு நேரம் காத்திருக்கிறது. புத்தகத்தின் மௌனத்தை நாம் குறையாக எண்ணுகிறோம். சிறு குழந்தையின் அளவில் அதுவே அதன் பெரும் பயன்.

மின்கருவியின் இயல்பு வேறு. அது பேசுகிறது, பாடுகிறது, அசைகிறது, தொட்டால் குதிக்கிறது. பெரியவர் பேசுவதற்கு அங்கே வேலை இல்லை. 2019-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் டிஃபனி மன்சரும் அவர் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நடைபயிலும் பருவத்துக் குழந்தையும் பெற்றோர் ஒருவருமாக 37 இணையர் அதில் பங்கு கொண்டனர். ஒவ்வோர் இணையரும் மூன்று வகை நூல்களையும் படித்தனர்: அச்சு நூல் ஒன்று, ஒலியும் அசைவும் இல்லாத மின்னூல் ஒன்று, அவ்விரண்டும் சேர்ந்த மின்னூல் ஒன்று. அச்சு நூலைப் படிக்கும்போதே பெற்றோரும் குழந்தையும் கதையைப் பற்றி அதிகமாகப் பேசிக்கொண்டனர். ஒன்றாகச் சாய்ந்து அமர்ந்து படித்தனர். கருவியில் படித்தபோது கதையைப் பற்றிய பேச்சுக் குறைந்தது. "அதைத் தொடாதே", "இதை அழுத்து" என்று கருவியைப் பற்றிய பேச்சு மிகுந்தது. கருவியை யார் பிடிப்பது என்னும் இழுபறியும் சேர்ந்துகொண்டது.

நம் மாவட்டத்துத் திருக்கோவலூரைப் பற்றி வழங்கும் வரலாறு ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்யும் இரவில் ஒரு சிறிய இடைகழியில் ஆழ்வார் மூவர் ஒதுங்கினர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இடம். அங்கே வேறொருவர் புகுந்து நெருக்கினார் என்பது கதை. தாயின் மடியும் அத்தகைய சிறிய இடமே. அதில் குழந்தை அமரலாம். ஒரு புத்தகம் அமரலாம். பேசும் கருவி அங்கே புகுந்தால் நெருக்கம் உண்டாகிறது. யாரேனும் ஒருவர் விலக வேண்டியதாகிறது. பெரும்பாலும் விலகுகிறவர் தாயே. திருக்கோவலூரில் நேர்ந்த நெருக்கத்தில் பாட்டுப் பிறந்தது என்பர். இங்கே நேரும் நெருக்கத்தில் பேச்சு நின்று போகிறது.

வேறு ஒன்றும் உண்டு. புத்தகத்துக்கு முதல் உண்டு, முடிவு உண்டு. கடைசிப் பக்கம் வந்ததும் அட்டையை மூடுகிறோம். "இன்னொரு தடவை" என்கிறது குழந்தை. மீண்டும் முதற் பக்கத்துக்கு வருகிறோம். அந்தத் திரும்புதலால் கதையின் வழி அதன் உள்ளத்தில் பதிகிறது. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று முன்னதாகவே சொல்லிப் பெருமிதம் கொள்கிறது. காணொளிகளை வழங்கும் செயலிகளிலோ ஒன்று முடியும் முன் அடுத்தது அணிவகுத்து நிற்கிறது. தொடாமலே தொடங்கி விடுகிறது. பார்ப்பவர் எழுந்து செல்லாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். வளர்ந்த நாமே அதிலிருந்து மீள முடியாமல் நள்ளிரவு வரை விழித்திருக்கிறோம். இரண்டு வயதுக் குழந்தை எவ்வாறு மீளும்?

இவ்வளவும் கேட்ட பின்பு, மின்கருவி முழுதும் தீது, அச்சு முழுதும் நன்று என்று நீங்கள் முடிவு கட்டி விடக் கூடாது. அது நேர்மை ஆகாது. நார்வே நாட்டு ஸ்டாவாங்கர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2021-ஆம் ஆண்டில், அதுவரை நடந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து எடை போட்டனர். அவற்றில் ஒன்று முதல் எட்டு வயது வரை உள்ள 1,812 குழந்தைகள் இடம்பெற்றிருந்தனர். ஒரே கதையைத் தாளிலும் திரையிலும் வேறுபாடின்றித் தந்தபோது, தாளில் படித்த குழந்தைகளே கதையை நன்கு புரிந்துகொண்டனர். ஆனால் கதையின் பொருளுக்குத் துணை செய்யும் வகையில் மட்டும் ஒலியும் அசைவும் அமைந்திருந்தபோது, மின்னூலே முந்தியது. சொல்லைத் தொட்டால் பொருள் கூறும் அகராதி வசதி சொல்வளத்துக்கு உதவியது. கதையைப் புரிந்துகொள்ள உதவவில்லை. இவற்றோடு அவர்கள் கண்ட இன்னொரு முடிவை நீங்கள் மறவாதிருக்க வேண்டும். குழந்தை தனியாக அமர்ந்து பார்க்கும் சிறந்த மின்னூலைக் காட்டிலும், பெரியவர் துணையோடு படிக்கும் அச்சு நூலே மிகுதியாகப் பயன்பட்டது.

ஆகவே தாளா, திரையா என்பது இரண்டாவது கேள்வி. குழந்தையின் அருகில் யார் இருக்கிறார் என்பதே முதற் கேள்வி. முதற் கேள்விக்கு நல்ல விடை கிடைப்பதைப் புத்தகம் எளிதாக்குகிறது, கருவி அரிதாக்குகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவே.

நானும் ஒரு கருவியின் வழியாகத்தானே உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்! 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் எழுந்த நாள் முதல் எத்தனையோ தலைமுறையினர் இதன் வழியே கதை கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் இதன் எல்லையையும் நான் அறிவேன். நான் கூறுவதை நீங்கள் மறுத்தால் அது என் செவியில் விழாது. நீங்கள் வளர்ந்தவர்கள், மனத்துக்குள்ளே என்னோடு வாதாடுவீர்கள், நாளை நண்பரோடு பேசுவீர்கள். பேச்சே இப்போதுதான் அரும்பும் குழந்தைக்கு அந்த ஆற்றல் இல்லை. மறுமொழி தரும் ஒருவர் அதன் எதிரில் வேண்டும்.

சிறு குழந்தைக்கென்று புத்தகம் செய்ய வேண்டும் என்னும் எண்ணமே உலகில் மெல்ல மெல்லத் தோன்றிய ஒன்று. 1658-ஆம் ஆண்டில் கொமேனியஸ் என்னும் ஆசிரியர் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில், படமும் சொல்லும் இணைந்த பாடநூல் ஒன்றை வெளியிட்டார். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களின் முன்னோடி என்று அதனைக் கூறுவர். நம் நாட்டில் புத்தகம் நகரத்தைத் தாண்டி ஊர்ப்புறம் வருவதற்கே பெருமுயற்சி வேண்டியிருந்தது. 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர் தோறும் கொண்டு சென்றனர். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அந்த ஆண்டிலேதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. 1950-இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. இவ்வளவு பேர் உழைத்து நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பொருளை நாம் எடுத்துப் பிரிக்காமல் விட்டு விடலாமா?

"நூல் எங்கே கிடைக்கிறது? புத்தகக் கடைக்குக் கள்ளக்குறிச்சி போக வேண்டும், விழுப்புரம் போக வேண்டும்" என்பீர்கள். களமருதூருக்கே அவ்வளவு தொலைவு என்றால், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. குறை மெய்யானதே. ஆயினும் வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் வழியாக, நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிகளில் சிறு சிறு கதை நூல்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. மெலிந்த நூல்கள்தாம், எளிய சொற்கள்தாம். பள்ளி நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் கேட்டு வாங்கலாம். கேட்பார் இல்லாத நூல் அலமாரியிலேயே முதுமை அடைகிறது.

இங்கேதான் மின்கருவியையும் நாம் வேலை வாங்கிக்கொள்ளலாம். 2015-ஆம் ஆண்டில் பிரதம் புக்ஸ் என்னும் பதிப்பகம் ஸ்டோரிவீவர் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. கல்லூரியில் படிக்கும் நீங்கள் ஒரு கதையைத் தேர்ந்து, தாளில் அச்சிட்டு, நடுவில் மடித்து, ஊசி நூலால் தைத்துத் தங்கையின் கையில் கொடுத்தால், அது அவளுக்கென்றே பிறந்த புத்தகம் ஆகும். கிழிந்தால் இன்னொன்று செய்யலாம். குழந்தை புத்தகத்தைக் கிழிக்கும், கடிக்கவும் செய்யும். அதற்கு அஞ்சிப் புத்தகத்தை எட்டாத இடத்தில் வைத்து விட்டால் பிறகு எப்போதும் எட்டாமலே போய் விடும்.

கைப்பேசி நம் வீடுகளுக்குள் குழந்தையின் கைக்கு எவ்வாறு வந்தது என்பதையும் நாம் மறந்து விடக் கூடாது. 2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தது. அந்த ஒன்றரை ஆண்டுக் காலமும் கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே பள்ளிக்கூடம். கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கித் தந்த பெற்றோர் உண்டு. ஒரு கைப்பேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் அமர்ந்து படித்த வீடுகளும் உண்டு. அந்த உதவிக்கு நாம் நன்றி பாராட்டவே வேண்டும். ஆனால் 'டவர்' கிடைக்காத மலைச் சிற்றூர்களுக்கு அந்த உதவியும் சென்று சேரவில்லை. அலையும் மின்சாரமும் வேண்டாத கருவி ஒன்று அங்கே இருந்திருந்தால், அது புத்தகமாகத்தான் இருந்திருக்கும். நெருக்கடிக் காலத்தில் ஊன்றிய கோலை, கால் நலம் பெற்ற பின்னும் பச்சிளம் பிள்ளையின் கையில் திணிப்பது எதற்கு?

"எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே" என்று உங்களில் சிலர் எண்ணலாம். என் தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். படப் புத்தகம் படிக்க எழுத்தறிவு வேண்டும் என்பதில்லை. படம் காண்பதும் பேசுவதும் போதும். அதுமட்டுமன்று. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களின் பேச்சில் அவர்களுக்கே உரிய தமிழ் வழக்கு உண்டு. சாமையையும் தினையையும் விதைத்து, களை எடுத்து, புடைத்துக் குத்தும் வேலைகளுக்கெல்லாம் முதியோர் வாயில் சொற்கள் இருக்கின்றன. களமருதூர்க் களத்துமேட்டுச் சொற்களும் அவ்வாறே. எந்தக் காணொளியும் அவற்றை நம் குழந்தைக்குக் கற்பிக்கப் போவதில்லை. அவற்றைச் செய்தவர் இந்தச் சொற்களைக் கேட்டதே இல்லை. பாட்டி பேசினால் பேத்திக்கு வரும். பாட்டி பேசாமல் இருந்து விட்டால், அவரோடு அவையும் போகும். புத்தகத்தைப் பாட்டியின் கையில் கொடுப்பது, அந்தச் சொற்களுக்கு ஒரு வாயிலைத் திறந்து விடுவதாகும்.

செய்ய வேண்டியது என்ன? பெருஞ்செயல் ஒன்றும் வேண்டுவதில்லை. நாளுக்குக் கால் மணி நேரம் போதும். விளக்கு வைத்த பின்பு, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்து விட்டுத் தம்பியையோ தங்கையையோ மடியில் அமர்த்திக்கொள்ளுங்கள். பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும். நான்கு பக்கம் தாவினாலும் தாவட்டும். எழுதியிருப்பதை ஒப்பித்துக்கொண்டே போகாதீர்கள். "இது என்ன?" என்று கேளுங்கள். பிறகு, "ஏன் அழுகிறது?", "இனி என்ன செய்யும்?" என்று விடை விரியும் கேள்விகளைக் கேளுங்கள். குழந்தை ஒரு சொல் சொன்னால் அதனோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். 'நாய்' என்றால், 'ஆமாம், கறுப்பு நாய் ஓடுகிறது' என்னுங்கள். ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் இம்முறையை ஒரு மாத காலம் பின்பற்றிய அளவிலேயே குழந்தைகளின் பேச்சுத் திறன் மேம்பட்டதைக் கண்டார்கள். இதற்குப் பொருட்செலவு ஒன்றும் இல்லை.

கைப்பேசியைக் கொடுத்தே தீர வேண்டிய வேளைகளும் வரும். தொலைவில் வேலை செய்யும் தந்தையின் முகத்தை அதில் காட்டுவது நல்லதே. அங்கே மறுமொழி தரும் மனிதர் இருக்கிறார். மற்றபடி, இரண்டு வயது நிறையும் வரை குழந்தையைத் திரையின் முன் அமர்த்த வேண்டாம் என்பதும், அதன் பின் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்ச வேண்டாம் என்பதும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் கூறிய அறிவுரை. அந்த நேரத்திலும் அருகில் அமர்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். அப்போது கருவியும் ஓரளவு புத்தகத்தின் பண்பைப் பெறுகிறது.

மாணவர்களே, உங்களுக்குத் தேர்வு உண்டு, வீட்டு வேலை உண்டு, களைப்பும் உண்டு. அழும் குழந்தைக்குக் கைப்பேசியைக் கொடுப்பது எளிது என்பதை நானே செய்து பார்த்தவன். உங்களைக் கடிந்து பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று. குழந்தைக்குச் சொற்கள் வந்து சேரும் முதல் ஐந்து ஆண்டுகள் உங்கள் தேர்வுக்காகக் காத்திருக்க மாட்டா. பள்ளியின் முதல் நாளன்று, ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு வாய் திறந்து விடை சொல்லும் பிள்ளையாக உங்கள் தங்கை இருப்பாளா, விழித்துக்கொண்டு நிற்பாளா என்பது இந்த மாலைப் பொழுதுகளில்தான் பெரிதும் உருவாகிறது.

என் பேத்தி இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். அந்தக் காக்கைப் புத்தகத்தின் அட்டை போய் விட்டது. கடைசிப் பக்கமும் போய் விட்டது. சென்ற வாரம் அவள் அதனை எடுத்துக்கொண்டு என் தாயாரின் அருகில் அமர்ந்தாள். "ஆயா, இன்னிக்கு நான் படிக்கிறேன், நீ கேளு" என்றாள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். பக்கங்கள் முடிந்தன. பிறகு, ஏட்டில் இல்லாத பகுதியையும் அவளே சொன்னாள். காக்கையின் அம்மா தண்ணீரோடு திரும்பி வந்து விட்டதாம்.